காலிப் புட்டியின் பழைய பெயர்

"பாட்டில் கொண்டாந்தியாம்மா?"

1986-இல் மருந்து ஜன்னலில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து, தினமும் நூறு தடவையாவது நான் கேட்ட கேள்வி இது. மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய ஊரின் அரசு மருத்துவமனை. அரசு ஏட்டில் நான் மருந்தாளுநர். ஊர் வாயில் கம்பவுண்டர். டாக்டர் சீட்டில் மிக்சர் எழுதினால், மருந்து எங்களிடம் இருக்கும். அதை ஊற்றிக் கொடுக்கப் புட்டி இருக்காது. நோயாளிதான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மறந்து வந்தவர்களுக்காக வாசலில் ஒரு பாட்டி சாக்கு விரித்து, கழுவிய காலிப் புட்டிகளை விற்பார். சின்னது நாலணா, பெரியது எட்டணா.

ஜன்னலுக்குள் எத்தனையோ விதமான புட்டிகள் நீளும். டானிக் புட்டி, தேன் புட்டி, தலைக்குத் தேய்க்கும் தைலப் புட்டி, கால் அளவு பிராந்திப் புட்டி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் வாரமே சொன்னார்: "முதல்ல மோந்து பாருப்பா. அப்புறம் ஊத்து." மண்ணெண்ணெய் வாடையோ பூச்சிமருந்து வாடையோ அடித்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு கழுவியிருந்தாலும் வாங்கக்கூடாது.

அவரிடம்தான் அளவுத்தாள் வெட்டக் கற்றேன். இந்தத் தலைமுறை மருந்தாளுநர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். புட்டியில் மருந்து நிற்கும் உயரத்துக்கு ஒரு வெள்ளைத்தாளை நறுக்கிக்கொள்வோம். எத்தனை வேளை மருந்தோ அத்தனை சம மடிப்பு. மடித்தபடியே ஓரத்தில் இரண்டு பக்கமும் சாய்வாக ஒரு வெட்டு. விரித்தால் ரம்பம்போலப் பல் பல்லாக நிற்கும். கோந்து தடவிப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால் ஒரு பல் ஒரு வேளை. எழுத்தே தெரியாத ஆத்தா கூட, பல்லுக்குப் பல் மருந்து இறங்குவதைப் பார்த்துச் சரியாகக் குடிப்பார். பழைய புட்டியும் ஒரு துண்டுத்தாளும் சேர்ந்து அளவு தவறாமல் மருந்து கொடுத்த காலம் அது.

காலிப் புட்டிகளை மறுபடி எப்படிப் பயன்படுத்தலாம் என்று இன்று ஆர்வத்தோடு கேட்கிறார்கள். எங்கள் தொழிலே ஒரு காலத்தில் அதன்மேல்தான் நின்றது.

மருந்து ஜன்னலைவிட ஊசி போடும் அறைக்கு வெளியேதான் பிள்ளைகள் கூட்டம் அதிகம். அவர்களுக்கு வேண்டியது பென்சிலின் புட்டி. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, அதன்மேல் அலுமினியப் பட்டை. புரோகெய்ன் பென்சிலின் 4 லட்சம் யூனிட் குப்பிகள் அன்று நாளெல்லாம் காலியாகும். ரப்பர் மூடிக்குத்தான் மவுசு. நுங்கு வண்டி ஓட்டி வளர்ந்த பிள்ளைகள், நுங்கு கிடைக்காத மாதங்களில் தீப்பெட்டிக்கு அடியில் ஈர்க்குச்சி செருகி, நாலு ரப்பர் மூடி கோத்து லாரி விடுவார்கள். குப்பிகள் வீடுகளுக்குப் போகும். கண்மை, குங்குமம், திருநீறு, தையல் ஊசி, ராமேஸ்வரத் தீர்த்தம் என்று எல்லாம் அதில் குடியிருக்கும். என் அம்மாவின் சாமி அலமாரியில் அப்படி மூன்று குப்பிகள் இருந்தன.

வார்டில் இன்னொரு கைவேலை நடந்தது. குளுக்கோஸ் ஏற்றிய குழாயை நீளவாக்கில் கீறி நாடாவாக்கி, பனையோலை முடைவதுபோல முடைந்து மீன் செய்வார்கள். வாலுக்கு நுனியைக் கத்தரித்துப் பிரிப்பார்கள், கண்ணுக்கு இரண்டு பாசிமணி. ஜென்ஷன் வயலட்டில் தோய்த்தால் ஊதா மீன். நோயாளிக்குத் துணை வந்தவர்கள் இரவெல்லாம் கண்விழிக்க வேண்டுமே, அந்த நேரத்தில் முடைந்தவை. அந்த ஊரில் பாதிப் பேருடைய சாவிக்கொத்தில் அந்த மீன் தொங்கியது.

இவற்றையெல்லாம் நானும் ரசித்தேன், நானும் எடுத்துக் கொடுத்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

1991 ஐப்பசி. விடாத அடைமழை, ஊரெங்கும் மின்சாரம் இல்லை. இரவு எட்டு மணிக்கு மூன்று வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். பையனுக்கு மூச்சு இரைத்தது, வாயில் மண்ணெண்ணெய் நெடி. கூடவே அந்தப் புட்டியையும் கொண்டுவந்திருந்தார்கள். வாங்கிப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கள் மருத்துவமனையின் இருமல் மருந்துச் சீட்டு ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் நான் வெட்டி ஒட்டிய அளவுத்தாள். நாலாவது பல் வரைக்கும் மண்ணெண்ணெய் இருந்தது.

நடந்தது இதுதான். பத்து நாளுக்கு முன் அந்தப் பையனுக்கே என்னிடம் வாங்கிய இருமல் மருந்து தீர்ந்துபோனது. நல்ல புட்டியாயிற்றே என்று ரேஷன் மண்ணெண்ணெயில் கொஞ்சத்தை அதில் ஊற்றி வைத்தார்கள். மழையில் பையனுக்கு மறுபடி இருமல். சளி பிடித்து மூக்கடைத்திருந்த அப்பாயிக்கு வாடை தெரியவில்லை. இருட்டில் மாடத்தைத் தடவிப் பழகிய புட்டியை எடுத்தார். என் அளவுத்தாளின் பல் விரலில் நிரடியிருக்கிறது. ஒரு பல் அளவு சங்கில் ஊற்றிப் புகட்டிவிட்டார்.

பதறிப்போன அக்கம்பக்கத்தார் சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருந்தார்கள். அதுதான் கேட்டை இரட்டிப்பாக்கியது. மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதைவிட, வாந்தியில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை ஒருபோதும் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கி வர வேண்டும். பையனுக்கு நிமோனியா கண்டது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பன்னிரண்டு நாள் கழித்துப் பிழைத்து வந்தான். அந்த அப்பாயி அதன் பிறகு எந்தப் பிள்ளைக்கும் தன் கையால் மருந்து கொடுத்ததில்லை.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சிக்கனமான வீடு, பாசமான கை. புட்டியின்மேல் பழைய பெயர் அப்படியே இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஸ்டோர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நீலக் கண்ணாடிப் புட்டியை இறக்கி என் கையில் கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்து விஷமருந்துப் புட்டி. ஆறு பட்டை, உடம்பெல்லாம் வரிவரியாக மேடு. "கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருப்பா. இருட்டுல கை படிச்சுக்கணும்னுதான் இப்படிச் செஞ்சான்" என்றார். குடிக்கும் மருந்துப் புட்டி வழவழப்பாக இருக்கும். விஷத்தைத் தொட்டாலே கை எச்சரிக்கையாகிவிடும். அப்பாயியின் விரலில் நிரடிய அளவுத்தாள் அவரை ஏமாற்றியது. இந்த மேடுகள் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புட்டியைக் கொடுக்கும்போதும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வேன்: "மருந்து தீந்ததும் சீட்டைக் கிழிச்சுடும்மா." சிரங்குக்குத் தடவும் பென்சைல் பென்சோயேட் கொடுக்கும்போது இரண்டு முறை சொல்வேன். அது பார்ப்பதற்குப் பால்போலவே இருக்கும்.

இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர் இதே சிக்கலை வேறொரு வாசல் வழியாகச் சந்தித்தார் என்பதைப் பின்னாளில் படித்தேன். மின்சாரம் எட்டாத வீடுகளில் காலி மருந்துப் புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் குப்பி விளக்காக எரிப்பார்கள். உயரமான, லேசான புட்டி. மூடியும் இறுக நிற்காது. கை பட்டால் சாயும், எண்ணெய் கொட்டும், உடுப்பில் தீப்பிடிக்கும். தீப்புண்ணோடு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், 1992-இல் விளக்கையே மாற்ற முனைந்தார். குட்டையாக, கனமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு கண்ணாடி விளக்கு. குட்டையான மார்மைட் போத்தல்தான் அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. அந்தப் பணிக்காக 1998-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எந்தக் காலிப் புட்டி எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை இவ்வளவு பொறுப்போடு யோசித்தவர்கள் குறைவு.

எங்கள் ஜன்னலிலும் காலம் மாறியது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்ட பிறகு, மாத்திரைகள் அட்டை அட்டையாக வரத் தொடங்கின. "பாட்டில் கொண்டாந்தியா" என்ற கேள்வி மெல்ல மெல்ல நின்றுபோனது. வாசல் பாட்டி பூ விற்கப் போய்விட்டார். 1998-இல் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் வந்தன, 2016-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. இன்று மருத்துவமனையில் குழாயும் பிளாஸ்டிக் பாட்டிலும் சிவப்புப் பைக்கும், கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்கும், ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கும், காலாவதி மருந்து மஞ்சள் பைக்கும் என்று தனித்தனியாகப் போய்விடுகின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பழங்குடி விவசாயிகள் காலிக் குளுக்கோஸ் பாட்டிலைக் கொம்பில் கட்டித் தொங்கவிட்டு, செடிக்குச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டதைப் படித்தபோது அவர்கள் புத்தியை மெச்சினேன். ஆனாலும் நோயாளியின் உடம்போடு தொடர்புபட்ட எதையும் வார்டிலிருந்து வெளியே எடுத்துப் போகச் சொல்ல மாட்டேன். அந்த ஊதா மீனையும் இனி முடையச் சொல்ல மாட்டேன். இரத்தம் ஏறிய குழாயில் என்னென்ன தொற்று ஒட்டியிருக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும்.

வீட்டில் சேரும் காலி டப்பாக்கள் வேறு. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என் கவனமெல்லாம் அவற்றின்மேல்தான்.

முதலிடம் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வரும் குட்டி டப்பாவுக்கு. நடுவிரல் உயரம்கூட இருக்காது. பட்டென்று மூடும் மூடி. அதன் உள்சுவரிலோ மூடியிலோ ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்தே செய்திருப்பார்கள். காற்றின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டு அளவு தப்பாகக் காட்டும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஸ்ட்ரிப் தீர்ந்த பிறகும் அந்தக் குணம் கொஞ்ச காலத்துக்கு மிச்சமிருக்கும். ஆகவே ஈரம் ஆகாத பொருளுக்கு அந்த டப்பா கைகண்டது.

நான் அதில் விதை வைக்கிறேன். என் பாட்டி கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். சாம்பல் ஈரத்தை இழுக்கும், புகை பூச்சியை அண்டவிடாது. அந்த அறிவையே நான் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டேன். மிளகாய், தக்காளி, கத்தரி விதைகளை நிழலில் நன்றாக உலர்த்துவேன். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வர வேண்டும். டப்பாவுக்குள் போட்டு, விதையின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுவேன். அடிக்கடி திறக்கக்கூடாது. உறிஞ்சும் சக்தி தீர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது டப்பா. போன ஆடியில் எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக் கொல்லையில் அந்த விதைகள் முளைத்தன.

எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷின் ஊசிகளை அதில் வைக்கிறார். ஈரக்காற்றில் வாரத்துக்குள் துரு ஏறும் ஊசி, இப்போது பளபளவென்று இருக்கிறதாம். மாத்திரை டப்பாவுக்குள் வரும் வெள்ளை உருளை, "தின்னாதே" என்று அச்சிட்ட பொட்டலம் ஆகியவையும் ஈரம் உறிஞ்சத்தான். காது கேட்கும் கருவி வைத்திருக்கும் என் அக்காவுக்கு, அகன்ற வாய் மாத்திரை டப்பா ஒன்றைச் சுத்தம் செய்து, அடியில் அந்த உருளைகள் நாலைப் போட்டு, மேலே பஞ்சு விரித்துக் கொடுத்தேன். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கருவியை அதில் வைக்கிறார். வியர்வை ஈரத்தால் கருவி கரகரப்பது குறைந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில்தான் அந்த டப்பா இருக்கும்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த உபயோகம் அங்கன்வாடியில் இருக்கிறது. தைராய்டு மாத்திரை வரும் வெள்ளை டப்பா உள்ளே இருப்பதைக் காட்டாது. அப்படிப் பன்னிரண்டு சேர்த்தேன். அரிசி, பச்சைப்பயறு, மணல், புளியங்கொட்டை, குன்றிமணி அளவுக் கூழாங்கல், உப்பு என்று ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு டப்பாவில் போட்டு, மூடியைப் பசை வைத்து ஒட்டினேன். பிள்ளைகள் காதோரம் குலுக்கிப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். மாண்டிசோரி வகுப்புகளில் இதற்கென்று மர உருளைகள் உண்டு. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய அந்தப் பாடம் எங்கள் அங்கன்வாடிக்குச் செலவில்லாமல் வந்து சேர்ந்தது. பார்வை குறைந்த ஒரு சிறுமி அங்கே இருக்கிறாள். மற்ற பிள்ளைகளை முந்தி ஆறு ஜோடியையும் முதலில் சேர்ப்பது அவள்தான்.

சுத்தம் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சீட்டு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறினால் காகிதம் உரிந்துவிடும். மிச்சப் பசையில் தேங்காயெண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்தால் போகும். குறுகிய வாய்ப் புட்டிக்குள் ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் உள்சுவர் சுத்தமாகும். பிறகு கவிழ்த்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவுக்கும் அந்த உருளைகளுக்கும் தண்ணீரே காட்டக்கூடாது. காட்டினால் உறிஞ்சும் சக்தி அன்றே தீர்ந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இனி, ஆகாதவை. மருந்து இருந்த எந்தப் புட்டியிலும் தின்பண்டமோ குடிக்கும் பொருளோ வைக்கக்கூடாது. ஆண்டிபயாடிக்கின் ஒட்டு மிச்சம்கூட ஒவ்வாமை உள்ளவரைப் படுத்திவிடும். ஒரு மாத்திரை டப்பாவில் வேறு மாத்திரையைப் போட்டு வைக்கக்கூடாது. மாத்திரை தன் அட்டையிலேயே இருக்கட்டும். மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட், பூச்சிமருந்து ஆகியவற்றை எந்த மருந்துப் புட்டியிலும் ஊற்றவே கூடாது. சீட்டைக் கிழித்திருந்தாலும் கூடாது. கண் சொட்டு மருந்துப் புட்டியைத் தையல் மெஷின் எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கண்ணுக்கு மருந்து விடுபவர் ஒருவராவது வீட்டில் இருந்தால் வேண்டாம். அதே அளவு, அதே மூக்கு. அவசரத்தில் கை மாறும். அந்தப் புட்டியை நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர் அம்மா, ஒருநாள் காலையில் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றார். யார் வீட்டுக் குப்பையிலோ இருந்த இன்சுலின் ஊசி பையையும் கையுறையையும் துளைத்துக் குத்திவிட்டது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மஞ்சள் காமாலைக்கும் எச்.ஐ.வி.க்கும் பரிசோதனை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து பயமில்லை என்று சொல்லும்வரை மாதக்கணக்கில் அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை. அந்த ஊசியைப் போட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

அதனால் நான் சொல்லும் மறுபயன்பாடுகளில் எல்லாவற்றுக்கும் முந்தியது இது. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில், விரல் குத்தும் லான்செட்டுக்குத் திருகு மூடி மாத்திரை டப்பா ஒன்று. இன்சுலின் ஊசிக்குத் தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று. பழைய சீட்டை உரித்துவிட்டு, சிவப்பு எழுத்தில் "ஊசி – திறக்காதீர்" என்று எழுதுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மற்ற குப்பையோடு கலக்காமல், சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் ஊசியை வீட்டு அபாயக் கழிவு என்றுதான் சொல்லின. உங்கள் அலமாரியில் இப்போதே ஒரு காலி டப்பா இருக்கும். இன்றைக்கே எடுத்து வையுங்கள்.